கண்ணுக்கு ஆஃப்பாயில், நாக்குக்கு மாம்பழம்

இரவு எட்டரை மணிக்குத் தட்டின் முன்னால் வந்து உட்காருகிறவரை ஏமாற்றுவது சுலபம். ஏமாந்தவரே சிரித்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி ஏமாற்றுவதற்குத்தான் கைப்பக்குவம் வேண்டும். காபியில் மிளகாய்த்தூளைக் கலப்பதையும், இட்லிக்குள் பஞ்சை வைத்து அவிப்பதையும் நான் விளையாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாள் முழுதும் உழைத்துவிட்டு வெயிலில் வெந்து வந்தவரின் வயிற்றோடு மோதுகிற வேலை அது.

ஒரு பண்டத்தை இன்னொன்று போலத் தோன்றச் செய்து வீட்டாரை ஏமாற்றும் இந்த விளையாட்டை இதுவரை செய்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட பண்டங்கள் எல்லாம் வேலூர், ஆற்காடு, ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் வழக்கமாகத் தட்டில் விழுகிறவை. காரணம் இருக்கிறது. அன்றாடம் பார்க்கும் பண்டத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கை தானாகவே பிட்டு வாயில் போட்டுவிடும். புதிதாக ஏதோ ஒரு மேல்நாட்டுப் பண்டத்தைக் கொண்டு வந்து வைத்தால், முதல் பார்வையிலேயே "இதில் என்ன போட்டிருக்கிறாய்?" என்ற கேள்வி வந்துவிடும். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

யாரிடம் கூடாது

சமையலுக்கு முன்னால் ஆளைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டோ, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டோ சாப்பாட்டுக்காகக் காத்திருப்பவர் தட்டில் விளையாடக் கூடாது. சாப்பாடு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். தவிர, கீழே வரும் பண்டங்களில் பெரும்பாலானவை வெல்லத்திலும் சர்க்கரையிலும் ஆனவை. அத்தகைய பெரியவர்களுக்கு நேரத்துக்கு முறையான சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அவர்களையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் பொய்த் தட்டைப் பார்த்து "மிளகு கம்மியாகத் தெரிகிறதே" என்று சொல்லப் பாட்டியைவிடத் தேர்ந்த ஆள் வீட்டில் கிடையாது.

சைவ உணவுக்காரருக்கு அசைவத்தை மறைத்து ஊட்டுவது எந்தக் காலத்திலும் கூடாது. அசைவம் சாப்பிடுகிறவருக்குச் சைவத்தை அசைவம் போலக் காட்டலாம். அந்தத் திசையில் மட்டும் பாதை திறந்திருக்கிறது. வீட்டில் கிருத்திகை, அமாவாசை, புரட்டாசிச் சனி என்று விரதம் இருந்தால், முட்டை போலத் தோன்றுவதைக்கூட அன்று தட்டில் வைக்காதீர்கள். சாப்பிடுவது மாம்பழமாகவே இருந்தாலும், பார்த்த நொடியில் மனம் சங்கடப்படும். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையும் அப்படித்தான். நிலக்கடலை, முந்திரி, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டில் மறைப்பது பண்டத்தின் தோற்றத்தை. அதில் சேர்ந்த பொருளை ஒருபோதும் மறைக்கக் கூடாத சிலர் வீட்டில் இருப்பார்கள்.

இன்னொன்று: உண்மையான சாப்பாடு அடுப்படியில் சூடாகத் தயாராக இருக்க வேண்டும். பொய்ப் பண்டம் ஒருவருக்கு ஒன்று, அதுவும் சிறிய அளவில். பசியோடு இருக்கிறவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் காக்க வைத்தால் சிரிப்பு கோபமாகிவிடும்.

ஆஃப்பாயில்: முதலில் பழக வேண்டியது

தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். செலவு குறைவு, மாலையிலேயே செய்து வைத்துவிடலாம், தோற்றாலும் நல்ல இனிப்பு ஒன்று மிஞ்சும். வெள்ளைக்கரு பால், மஞ்சள்கரு மாம்பழம், இரண்டையும் உறைய வைப்பது கடற்பாசி. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் வெள்ளை நார் போன்ற கட்டாகத் தருவார்கள். வேலூர் லாங் பஜார்ப் பக்கத்துப் பெரிய மளிகைக் கடைகளில் தேடிப் பாருங்கள். இதற்குப் பதிலாக ஜெலட்டின் வாங்க வேண்டாம். அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவ வீட்டிலும் ஹலால் பார்க்கும் வீட்டிலும் சிக்கல். அதோடு சூடு பட்டால் உருகிவிடும். கடற்பாசி உறைந்த பிறகு 85 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் மறுபடி இளகும். இந்தக் குணம் நமக்குப் பிறகு கைகொடுக்கும்.

முதலில் மஞ்சள்கரு. இரண்டு கிராம் கடற்பாசியைச் சிறிதாக நறுக்கி, 100 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு அதே தண்ணீரோடு சிறு தீயில் வைத்து, ஒரு நார்கூடத் தெரியாமல் கரையும் வரை கிளறுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அறை வெப்பத்தில் இருக்கும் 150 மில்லி மாம்பழக் கூழை அதில் கலக்குங்கள். கூழைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள். பழத்தின் புளிப்பும் கொதிநிலையும் சேர்ந்தால் உறையும் வலு குறைந்துவிடும். குழிப்பணியாரச் சட்டியில் லேசாக நெய் தடவி, ஒவ்வொரு குழியிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஊற்றுங்கள். உறைந்ததும் கரண்டிக் காம்பால் ஓரத்தை நெம்பினால், மேல்பக்கம் உருண்ட மஞ்சள்கரு கையில் வந்துவிடும்.

அடுத்து வெள்ளை. ஐந்து கிராம் கடற்பாசியை 200 மில்லி தண்ணீரில் முன்போலவே கரைத்து, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, 300 மில்லி சூடான பால் சேர்த்து ஒரு கொதி வந்ததும் வடிகட்டுங்கள். பாலைக் குளிர்ச்சியாக ஊற்றினால் ஆங்காங்கே திரிதிரியாக உறைந்துவிடும். கலவையைச் சற்று ஆற விட்டு, தட்டையான எவர்சில்வர் தட்டுகளில் கரண்டியால் மெல்லியதாக ஊற்றுங்கள். வட்டமாக ஊற்றாதீர்கள். உண்மையான ஆஃப்பாயில் ஒருபக்கம் ஓடி, ஒருபக்கம் சுருங்கி, கோணலாகத்தான் இருக்கும். ஓரம் கெட்டியாகி நடுவில் இன்னும் தளதளவென்று இருக்கும்போது, மஞ்சள்கருவை உருண்ட பக்கம் மேலே வரும்படி சற்றுத் தள்ளி வையுங்கள். சரியாக நடுவில் வைத்தால் படத்தில் வரைந்த முட்டை மாதிரி ஆகிவிடும்.

கடற்பாசி 35 முதல் 40 டிகிரிக்குள் உறையத் தொடங்கும். வேறு ஊரில் இது ஒரு தகவல்; மே மாதத்து வேலூரில் இது ஒரு தொல்லை. வெளியில் 40 டிகிரியைத் தாண்டுகிற கத்திரி வெயிலில், மூடிய சமையலறையில் தட்டு மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். அகலமான தாம்பாளத்தில் குளிர்ந்த நீர் ஊற்றி, அதன் மேல் தட்டுகளை வையுங்கள்.

இனி ஒப்பனை. வெல்லப்பாகில் விரலைத் தொட்டு, வெள்ளையின் விளிம்பில் மட்டும் அங்கங்கே ஒற்றினால் கல்லில் முறுகிய ஓரம் வந்துவிடும். மிளகுக்கு ஏலக்காய் விதையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவுங்கள். கடைசியாக உருக்கிய நெய்யைச் சில துளிகள் தொட்டுத் தடவினால் எண்ணெய்ப் பளபளப்பு. இத்தனை செய்த பிறகும் ஒன்று காட்டிக்கொடுக்கும்: குளிர்ச்சி. தட்டைத் தொட்டதும் ஜில்லென்று இருந்தால் யாருக்கும் புரிந்துவிடும். பரிமாறுவதற்கு முன் கொதித்த நீர்ப் பாத்திரத்தின் ஆவியில் தட்டின் அடியைச் சிறிது நேரம் காட்டுங்கள். ஜெலட்டினாக இருந்தால் இந்நேரம் ஓடியிருக்கும், கடற்பாசி அசையாது.

மூக்கையும் காதையும் மறக்காதீர்கள்

புதியவர்கள் தோற்றத்துக்கு மட்டும் பாடுபட்டு இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கண் ஏமாந்தாலும் மூக்கு ஏமாறாது. மாம்பழ வாசனையும் ஏலக்காய் வாசனையும் கூடத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் வீண். ஆகவே அதே நேரத்தில் அடுப்பில் ஓர் உண்மையான முட்டையை உடைத்து ஊற்றுங்கள். 'சொர்' என்ற ஓசை கூடம் வரை கேட்க வேண்டும். முட்டை ஓடுகளை அடுப்பு மேடையிலேயே விட்டு வையுங்கள். தண்ணீர் குடிக்க உள்ளே வருகிறவர் கண்ணில் பட்டால் போதும். அந்த உண்மை முட்டை பிறகு பரிமாறத்தான் போகிறது.

வாயால் பொய் சொல்லாதீர்கள் என்பது என் கட்சி. "இந்தாருங்கள், ஆஃப்பாயில்" என்று அழுத்திச் சொன்னால் சந்தேகம் பிறக்கும். பண்டத்தின் பெயரையே எடுக்காமல், பக்கத்துக் கேள்வி ஒன்றைக் கேளுங்கள்.

"மாமா, மிளகு போதுமா?"

"இன்னும் கொஞ்சம் தூவு, அம்மா."

அவ்வளவுதான். மாமாவே அதை ஆஃப்பாயில் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். இனி அவர் மஞ்சள்கருவை விரலால் உடைக்கப் போவார். அது உடையாமல் துள்ளும். அந்த நேரத்து முகத்தைப் பார்க்கத்தான் மாலை முழுதும் அடுப்படியில் நின்றீர்கள், ஆகவே உள்ளே போய்விடாதீர்கள்.

பிரியாணிக்குப் பக்கத்தில் ஒரு பொய்க் கத்திரிக்காய்

ஆம்பூர்ப் பிரியாணியின் மேல் கை வைக்க எனக்கே துணிவில்லை. சீரகச் சம்பாவும், ஊற வைத்து அரைத்த காய்ந்த மிளகாயும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்கு இந்த வட்டாரத்தில் இருக்கும் மரியாதை அப்படி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைக் கெடுத்தவரை அடுத்த ஞாயிறு வரை யாரும் மன்னிக்க மாட்டார்கள். பலாமூசு கிடைக்கும் பருவத்தில், ஆட்டுக்கறிக்குப் பதிலாக அதைப் போட்டுச் செய்யலாம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து அரைவேக்காடாக வேக வைத்து, எண்ணெயில் வதக்கிச் சேர்த்தால் நார் நாராகப் பிரிந்து கறி போலவே கண்ணுக்குத் தெரியும். உண்மைத் தன்மைக்காக எலும்பைச் செருகுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத வேலை. உள்ளே ஒரு கிண்ணம் சுக்கா வறுவல் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

நான் பரிந்துரைப்பது பிரியாணியை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் வைக்கும் கத்திரிக்காயில் கை வைப்பதை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம். கொதிநீரில் அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு கையால் பிசையுங்கள். மிக்ஸியில் போட்டால் விழுதாகிக் காரியம் கெடும். தோல் துண்டுகள் அங்கங்கே தெரிய வேண்டும், அவைதான் கத்திரிக்காய்த் தோல். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பிசைந்ததைப் போட்டு, சிறு நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல், ஒரு சிட்டிகை உப்பு, அரைச் சிட்டிகை மிளகாய்த்தூள், கொஞ்சம் சுக்குப்பொடி சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளறுங்கள். கத்திரி விதைக்கு, வறுத்த வெள்ளை எள் ஒரு கரண்டி.

மேலே ஒரு நிஜக் கத்திரிக்காய்க் காம்பு. இதில்தான் நம் ஊருக்கு ஒரு வசதி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்திரிக்காய், அதாவது அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடிக் கத்திரிக்காய், காம்பிலேயே ஊர் பெயரை எழுதிக்கொண்டு வருவது. முட்களைக் கத்தியால் சீவிவிட்டு, காம்பை எண்ணெயில் வதக்கிப் பேரீச்சம்பழத்தின் நடுவில் நட்டு வையுங்கள். காம்பைப் பார்த்தவர் கீழே இருப்பதை ஆராய மாட்டார். இலவம்பாடிக் காயை வாரா வாரம் வாங்குகிறவர் மட்டும் வாயில் வைத்த மாத்திரத்தில் புருவத்தை உயர்த்துவார். அவரும் தட்டைத் தள்ள மாட்டார். இனிப்பும் புளிப்புமான அந்தத் தொக்கு பிரியாணியின் காரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. நிஜக் கத்திரிக்காயை இரண்டாவது முறை பரிமாறும்போது கொண்டு வாருங்கள்.

களி

வட ஆற்காட்டுக்காரருக்குக் களியைக் கடிக்கும் பழக்கமில்லை. கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். அதனால் இந்த ஏமாற்று தாமதமாகத்தான் வேலை செய்யும்: முதல் வாய் தொண்டையைத் தாண்டிய பிறகு இனிப்பு நாக்கில் தங்கும், ஆள் நிமிர்ந்து பார்ப்பார்.

ஒரு கப் கேழ்வரகு மாவை நெய்யில் வாசம் வரும்வரை வறுத்து ஆற வையுங்கள். முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, இரண்டு கப் தேங்காய்ப்பாலோடு கலந்து, அதில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் ஏற்றிக் கிளறுங்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, நெய் தொட்ட கையால் உருண்டை பிடியுங்கள். நடுவில் கட்டைவிரலால் குழி. குழம்புக்கு, கொஞ்சம் புளி சேர்த்த நீர்த்த வெல்லப்பாகு. கருவாட்டுத் துண்டுக்கு, நெய்யில் சிவக்க வறுத்த நேந்திரம்பழ வில்லை. விழுங்கும் பண்டம் என்பதால் உருண்டைக்குள் முந்திரி, கல்கண்டு என்று கெட்டியாக எதையும் வைக்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு இதைத் தருவதானால் முன்பே சொல்லிவிட்டுத் தாருங்கள்.

சட்னியும் டம்ளர் பாலும்

நேரமே இல்லாதவர்களுக்கு இவை. இட்லி நிஜம்; சட்னி மட்டும் பொய். துருவிய தேங்காயைக் கெட்டித் தேங்காய்ப்பாலிலும் சர்க்கரையிலும் கலந்தால் வெள்ளைச் சட்னி. கடுகுக்குக் கருப்பு எள். மேலே ஒரு கறிவேப்பிலை. அதை எப்படியும் ஓரத்தில் ஒதுக்கிவிடத்தான் போகிறார்கள். தக்காளியைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சினால் காரச் சட்னி. உள்ளே எண்ணெயில் கடுகைத் தாளித்து வாசனையைக் கிளப்ப மறக்காதீர்கள்.

டம்ளர் பால் இன்னும் எளிது. மேலே சொன்ன வெள்ளைக்கருக் கலவையையே டம்ளரில் ஊற்றி உறைய வைத்து, கடைசியில் மேலே ஒரு கரண்டி நிஜப் பாலை விடுங்கள். டம்ளரை அண்ணாந்து பிடித்தவருக்கு அந்த ஒரு கரண்டி மட்டும் வரும். மீதி அசையாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். வழுக்கும் கட்டி திடீரென்று நழுவித் தொண்டையை அடைக்கலாம்.

மக்கன் பேடா: கை பழகிய பிறகு

இதுவரை சொன்னவற்றில் காரத்தை எதிர்பார்த்த நாக்குக்கு இனிப்பு கிடைத்தது. அதைத் தலைகீழாக்குவது கடினம். இனிப்புக்கு வாயைத் திறந்தவருக்குக் காரம் விழுந்தால், முதலில் முகம் சுளிக்கும், பிறகுதான் சிரிப்பு. ஆனாலும் ஆற்காட்டில் பிறந்த மக்கன் பேடா அந்த ஆசையைத் தூண்டத்தான் செய்கிறது. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்புகளை வைத்து, பொரித்துப் பாகில் ஊறிய அந்தக் கரும்பழுப்பு உருண்டையின் மேனியை உருளைக்கிழங்கில் கொண்டு வந்துவிடலாம்.

வேக வைத்த உருளைக்கிழங்கைக் கட்டியில்லாமல் மசித்து, சோள மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் மிளகுத்தூள் தூவிய வறுத்த முந்திரித் துண்டுகளை வைத்து உருட்டுங்கள். மிதமான தீயில் நன்றாகக் கருஞ்சிவப்பு ஏறும் வரை பொரியுங்கள். பொன்னிறத்தில் எடுத்தால் போண்டா என்று தெரிந்துவிடும். புளி, வெல்லம், இஞ்சிச் சாறு மூன்றையும் சேர்த்து நீர்க்கக் காய்ச்சிய பாகை, கிண்ணத்தில் வைத்த உருண்டையின் மேல் பரிமாறும் நேரத்தில் மட்டும் ஊற்றுங்கள். முன்பே ஊற வைத்தால் பொரித்த மேல்தோல் கரைந்துவிடும். காரம் அடக்கமாக இருக்கட்டும். ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த நிஜப் பேடா டப்பா அலமாரியில் இருந்தால்தான் இந்த ஆட்டத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு.

நிறம் சேர்க்கும்போது

பொய்ப் பண்டத்துக்கு நிறம் பூசும் ஆசை எல்லோருக்கும் வரும். பீட்ரூட் சாறு, மஞ்சள், வெல்லம், கீரைச் சாறு, கேழ்வரகு, இந்த ஐந்தும் போதும். பெயர் தெரியாத பொட்டல நிறப்பொடியை வாங்காதீர்கள். துணிக்குச் சாயம் ஏற்றும் ரோடமின்-பி பஞ்சுமிட்டாயில் கலந்திருந்தது தெரியவந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தடை விதித்தது. சிரிப்பதற்காகச் செய்கிற பண்டத்தில் அந்த அபாயம் எதற்கு?

சாப்பிட முடியாத எதுவும் தட்டில் இருக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல்குத்தும் குச்சி, நூல், காகிதம், பற்பசை எதுவும் வேண்டாம். மேலே சொன்ன கத்திரிக்காய்க் காம்பு ஒன்றுதான் விதிவிலக்கு. அதைப் பரிமாறும் கிண்ணத்திலேயே நிறுத்திக்கொண்டு, தட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். முதல் தட்டில் ஏமாந்தவர் இரண்டாவது தட்டை முகர்ந்து பார்க்காமல் தொட மாட்டார். ஓர் இரவுக்கு ஒன்று, அடுத்ததற்குள் வீட்டார் மறந்துபோகிற அளவு இடைவெளி. ஏப்ரல் முதல் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். அன்று பச்சைத்தண்ணீரையும் சந்தேகப்படுவார்கள்.

மீந்த கடற்பாசிப் பண்டங்களை மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஓரத்தில் நீர் விட்டுச் சுருங்கத் தொடங்கும். பேரீச்சம்பழத் தொக்கு ஒரு வாரம் தாங்கும்; ஈரக்கரண்டி படாமல் இருந்தால் சரி. காலையில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். பொய்ப் பேடா மட்டும் அன்றைக்கே தீர வேண்டும்.